பொருட்காட்சிசாலையில் ஒரு யுத்த என்ஜின்

பீரங்கியைப் பற்றிப் பேசாத யுத்த சரித்திரம் கிடையாது. ஆகாய விமானத்தையும், டாங்கியையும், நீர்மூழ்கிக் கப்பலையும் புகழ்ந்தும் இகழ்ந்தும் எழுதப்பட்ட நூல்களைக் கொண்டு ஒரு பெரிய புத்தகசாலையையே நிரப்பிவிடலாம். ஆயினும் பீரங்கிக் குண்டு பீரங்கி நிற்கும் இடத்துக்குத் தானாக நடந்து செல்வதில்லை; விமானத்துக்கு வேண்டிய பெட்ரோல் மழையாகப் பெய்வதில்லை. தொழிற்சாலையிலிருந்து கிடங்குக்கும், கிடங்கிலிருந்து போர்முனைக்கும் அவற்றை யாரோ ஒருவர் இரவும் பகலும் இழுத்துக்கொண்டும் தள்ளிக்கொண்டும் இருந்தாக வேண்டும். அந்த வேலையைச் செய்தவற்றுக்குக் கொடியுமில்லை, விருதுமில்லை, சரித்திரத்தில் இடமுமில்லை. அப்படிப்பட்ட ஒரு வேலைக்காரனைப் பற்றியே இன்று நமது நேயர்களுக்குச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

ஜெர்மனியில் ரூர் நதிக்கரையிலுள்ள போகும் நகரத்தைச் சேர்ந்த டால்ஹௌஸன் என்னுமிடத்தில் ஒரு பழைய என்ஜின் கொட்டகை இருக்கிறது. அதை அந்நாட்டு ரயில்வே சரித்திர சங்கத்தார் ஏற்று, 1977-ம் ஆண்டில் பொருட்காட்சிசாலையாகத் திறந்தனர். பெரிய நீராவி என்ஜின்களைக் காண வரும் ஜனங்கள், ஓரத்தில் நிற்கும் ஒரு குட்டையான டீசல் என்ஜினை ஒரு கணம் பார்த்துவிட்டு அப்பால் போய்விடுவார்கள். நீண்ட மூக்குப் போன்ற ஒரு பெட்டி. அதன் பின்புறம் டிரைவர் நிற்கும் அறை. கீழே மூன்று ஜோடிச் சக்கரங்கள், அவற்றை வெளிப்புறத்தில் பிணைக்கும் இரும்புத் தண்டுகள். இவ்வளவுதான் அதன் தோற்றம். ‘வி 36’ என்பது அதன் பெயர். இதே வகையைச் சேர்ந்த என்ஜின்கள் ஜெர்மனியின் வேறு பல பொருட்காட்சிசாலைகளிலும் காக்கப்பட்டு வருகின்றன. இவை எதற்காகப் பிறந்தன என்பதை அறிந்தவர் மட்டும் அப்பால் போக மாட்டார். சற்று நின்று யோசிப்பார்.

ரயில் நிலையத்தை அடுத்த யார்டில் நடக்கும் வேலையை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். வந்து சேர்ந்த கூட்ஸ் வண்டியைப் பிரிப்பது, போக வேண்டிய ஊருக்குத் தக்கபடி வாகன்களைச் சேர்ப்பது, கிடங்கின் வாயிலுக்கு ஒன்றைத் தள்ளுவது, காலியானதை மீட்டு வருவது: இதையே ரயில்வேக்காரர்கள் ஷண்டிங் என்கிறார்கள். பார்வைக்கு அற்பமான வேலை. ஆனால் இது ஒரு நாள் நின்றால் மெயிலும் எக்ஸ்பிரஸும் நிற்கும். துறைமுகம் அடைபட்டுப் போகும். சமாதான காலத்திலேயே இப்படியென்றால், லட்சக்கணக்கான சிப்பாய்களுக்கு உணவும் மருந்தும் வெடிமருந்தும் அனுப்ப வேண்டிய யுத்த காலத்தில் இதன் முக்கியத்தைச் சொல்லவும் வேண்டுமோ?

1933-ல் ஹிட்லர் அதிகாரத்துக்கு வந்த பின், ஜெர்மனி வெகு வேகமாக ஆயுதபாணியாகத் தொடங்கியது. புதிய விமான தளங்களும், வெடிமருந்துக் கிடங்குகளும், எண்ணெய்க் கிடங்குகளும் நாடெங்கும் முளைத்தன. ஒவ்வொன்றுக்கும் உள்ளே தண்டவாளம் போடப்பட்டது. அத்தண்டவாளத்தில் ஷண்டிங் செய்ய நீராவி என்ஜினை விட்டால் என்ன ஆகும்? முதலாவது, அதன் புகையும் ஆவியும் பல மைல் தூரத்துக்குத் தெரியும். மறைத்து வைத்த கிடங்கு இங்கே இருக்கிறது என்று எதிரியின் விமானத்துக்கு அதுவே கைகாட்டிவிடும். இரண்டாவது, அதன் புகைபோக்கியிலிருந்து தீப்பொறி பறக்கும். வெடிமருந்தும் பெட்ரோலும் நிறைந்த இடத்தில் ஒரு பொறி போதும். மூன்றாவது, ஆறிய கொதிகலத்தில் தீ மூட்டி ஆவி திரட்டப் பல மணி நேரம் பிடிக்கும். படைக்கோ உத்தரவு வந்த நிமிஷத்தில் என்ஜின் நகர வேண்டும். நான்காவது, அதற்கு நிலக்கரியும் தண்ணீரும் ஓயாமல் வேண்டும். தீயே இல்லாமல், வெளிக் கொதிகலத்திலிருந்து ஆவியை நிரப்பிக்கொண்டு ஓடும் ஒருவகை என்ஜின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வழங்கியதுண்டு; ஆனால் நிரப்பிய ஆவி தீர்ந்ததும் அது மறுபடியும் கொதிகலத்தண்டை வந்தாக வேண்டும். இந்தக் குறைகள் யாவற்றுக்கும் பரிகாரமாகவே படை அதிகாரிகள் டீசல் என்ஜினைத் தேர்ந்துகொண்டனர்.

இவ்விதம் ஏற்பட்ட ராணுவ டீசல் என்ஜின்களில் பெயர்பெற்ற வகைக்கு ‘டபிள்யூ.ஆர். 360 ஸி 14’ என்று பெயரிட்டார்கள். இந்தப் பெயர் வெறும் அடையாளமன்று. அதனுள்ளேயே என்ஜினின் ஜாதகம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ‘டபிள்யூ’ என்ற எழுத்து ‘வேர்மாஹ்ட்’ என்ற ஜெர்மன் படையைக் குறிக்கும். ‘ஆர்’ என்பது 1435 மில்லிமீட்டர் அகலமுள்ள சாதாரணப் பாதை. 360 என்பது குதிரைச் சக்தி. ‘ஸி’ என்பது ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட மூன்று அச்சுகள். 14 என்பது ஓர் அச்சு தண்டவாளத்தின் மேல் சுமத்தும் பாரம், டன் கணக்கில். 1937 முதல் 1944 வரை இவ்வகையில் இருநூறுக்கு மேற்பட்ட என்ஜின்கள் செய்யப்பட்டன.

அதன் வேலைப்பாட்டையும் சுருக்கமாகக் கூறுவோம். டீசல் யந்திரத்துக்கு ஒரு குணமுண்டு: அது தன் வேகத்தில் சுழன்றால்தான் பலம் தரும். நின்ற நிலையில் நூற்றுக்கணக்கான டன் பாரத்தை நேரே அதன் தலையில் கட்டினால் திணறி நின்றுவிடும். ஆகவே யந்திரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஏதாவது ஒரு தரகன் வேண்டும். இந்த என்ஜினில் அந்தத் தரகு வேலையைச் செய்வது எண்ணெய். யந்திரம் ஒரு சுழலியைச் சுற்றி எண்ணெயை வீசுகிறது. வீசிய எண்ணெய் எதிரிலுள்ள மற்றொரு சுழலியைத் தள்ளிச் சுற்றுகிறது. இரும்போடு இரும்பு மோதாமல், வாகன்கள் இழுப்பு அறியாதபடி மெல்ல நகரத் தொடங்கும். ஹெர்மன் ஃபெட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியியல் அறிஞர் இந்தச் சூத்திரத்தை முதலில் கண்டது கப்பல்களுக்காக. அதை ரயிலுக்கு ஏற்றபடி செய்து கொடுத்தது ஹைடன்ஹைம் நகரத்து ஃபொய்ட் கம்பெனி. வெடிமருந்து ஏற்றிய வாகன்களை அதிர்ச்சியில்லாமல் நகர்த்துவதற்கு இதைவிட ஏற்ற முறை வேறென்ன? ஷண்டிங்குக்கு ஒரு பல்சக்கர வேகமும், பாதையில் ஓட மற்றொரு வேகமும் உண்டு. பின்னதில் மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டர் வரை ஓடக்கூடியது.

நல்ல யந்திரம் என்பதில் சந்தேகமில்லை. செய்தவர்கள் கைதேர்ந்தவர்கள் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் செய்தவர்கள் யார் என்று விசாரிக்கப் புகுந்தால், சரித்திரத்தின் கறுத்த பக்கம் ஒன்று திறக்கிறது.

இவ்வகை என்ஜின்களைச் செய்த கம்பெனிகளில் முக்கியமான ஒன்று ஓரன்ஸ்டைன்-கொப்பல் என்பது. பெனோ ஓரன்ஸ்டைன், ஆர்தர் கொப்பல் என்ற யூதர் இருவர் 1876-ல் பெர்லினில் கூட்டாகத் தொடங்கிய ஸ்தாபனம் அது. குறுகிய பாதை ரயில்களுக்கு வேண்டிய தண்டவாளமும் வாகனும் என்ஜினும் செய்து உலகமெங்கும் அனுப்பிப் பெயர் பெற்றது. தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் அதன் பெயர் பொறித்த தகட்டைக் காணாத தேசம் அரிது. கொப்பல் 1908-லும், ஓரன்ஸ்டைன் 1926-லும் காலமானார்கள். ஹிட்லர் ஆட்சி ஏற்பட்டதும், யூதர்களின் சொத்தை யூதரல்லாதாரின் கைக்கு மாற்றும் அநியாயம் சட்டத்தின் வேஷத்தில் நடந்தது. ஓரன்ஸ்டைன் குடும்பத்தார் தங்கள் பங்குகளை இழந்தார்கள். அதோடும் நிற்கவில்லை. 1940-ல் கம்பெனியின் பெயரே மாற்றப்பட்டது. ‘யந்திர நிர்மாணமும் ரயில்வேத் தளவாடமும்’ என்று பொருள்படும், யாருடைய பெயரும் இல்லாத ஒரு பெயரை அதற்குச் சூட்டினார்கள். கட்டிய மனிதர்களின் சொத்தைப் பறித்ததல்லாமல், கட்டினவர்கள் அவர்கள் என்ற ஞாபகத்தையும் பறித்துவிட வேண்டும் என்பதே நோக்கம்.

பெர்லினுக்கு அருகே பாபெல்ஸ்பெர்க்கில் இருந்த அதே தொழிற்சாலை யுத்தத்துக்குப் பின் கிழக்கு ஜெர்மனியின் வசமாகி, ‘கார்ல் மார்க்ஸ்’ என்ற மூன்றாவது பெயரைப் பெற்றது. மேற்கே, பழைய கம்பெனிக்குப் பழைய பெயர் மீண்டும் வந்தது. ஒரே தொழிற்சாலையின் வாயிலில் ஒரு தலைமுறைக்குள் மூன்று பலகைகள்! பெயரை மாற்றுவது ஆட்சியாளருக்கு எவ்வளவு எளிது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுவதில்லை.

யுத்தம் 1945-ல் முடிந்தது. தோற்ற படையின் என்ஜின்கள் ஐரோப்பாவின் பல தேசங்களில் சிதறிக் கிடந்தன. ஆஸ்திரியாவில் சில தங்கின. கிழக்கு ஜெர்மனியில் சில. மேற்கு ஜெர்மனியில் எஞ்சியவற்றை ரயில்வே நிர்வாகத்தார் செப்பனிட்டு எடுத்துக்கொண்டார்கள். பாலங்கள் இடிந்து, வண்டிகள் எரிந்து, நிலக்கரிக்குப் பஞ்சம் ஏற்பட்டிருந்த அந்தக் காலத்தில், ஓடக்கூடிய எந்த என்ஜினும் பெரிய ஐசுவரியந்தான். வெடிமருந்து தள்ளிய அதே என்ஜின்கள் இப்பொழுது உருளைக்கிழங்கும் சிமெண்டும் தள்ளின. ஃபிராங்க்ஃபர்ட், வூப்பர்டால் முதலிய நகரங்களைச் சுற்றி, காலையில் வேலைக்குச் செல்லும் தொழிலாளரையும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளையும் ஏற்றிய சிறு பாஸஞ்சர் வண்டிகளையும் அவை இழுத்தன. திரும்புகாலில் என்ஜினைச் சுற்றிக் கொண்டுவராமல் பின்னாலிருந்தே வண்டியைத் தள்ளிச் செல்வதற்காக, வண்டிகளின் கூரைக்கு மேலாக டிரைவர் பார்க்கும்படி சில என்ஜின்களின் கூரையில் ஒரு சிறு கண்ணாடி மாடம் அமைத்தார்கள். அவற்றின் வேலை அவ்வளவு திருப்தியாக இருந்தமையால், கீல் துறைமுகத்திலிருந்த மாக் என்ற கம்பெனி 1950 வாக்கில் இதே மாதிரியை ஒட்டிப் புதிய என்ஜின்களைக் கட்டிக் கொடுத்தது. அந்தக் கம்பெனியும் முன்பு போர்க்கப்பலும் நீர்மூழ்கியும் கட்டிய ஒரு பெரிய ஸ்தாபனத்தின் வழித்தோன்றலே.

இவற்றின் பெரிய தமையன்களுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. ‘டோரா’ என்ற பூதாகாரமான பீரங்கியை நேயர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அதன் வாயின் விட்டம் 80 சென்டிமீட்டர். அது நிற்பதற்கே அடுத்தடுத்து இரண்டு ரயில் பாதைகள் வேண்டியிருந்தன. 1942-ல் செவஸ்தபோல் நகரத்தின் மேல் குண்டு பொழிந்த அந்தப் பீரங்கியை நகர்த்துவதற்கென்றே பெரிய இரட்டை டீசல் என்ஜின்களைக் கட்டினார்கள். பீரங்கி அழிந்தது, என்ஜின்களில் சில பிழைத்து, 1972 வரையில் மேற்கு ஜெர்மனியில் ரயில்வேப் பணி புரிந்தன.

இங்கேதான் நேயர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. சமாதான வேலைக்கு வந்ததும் ராணுவ என்ஜினுக்குப் புதுப் பெயர் சூட்டினார்கள். ‘டபிள்யூ.ஆர். 360’ என்பது ‘வி 36’ ஆயிற்று. ‘வி’ என்பது உள்ளே எரிபொருள் எரியும் யந்திரத்தைக் குறிக்கும் எழுத்து; 36 என்பது குதிரைச் சக்தியில் பத்திலொரு பங்கு. சக்தியின் கணக்கு தங்கியது. படையைக் குறித்த ‘டபிள்யூ’ போய்விட்டது. 1968-ல் எண்களை மறுபடி மாற்றியபோது அது 236 ஆயிற்று. கிழக்கு ஜெர்மனியில் 1970-ல் 103 என்றானது. ஒவ்வொரு தடவையும் அந்த என்ஜின் தன் பிறப்பிலிருந்து ஓர் எழுத்துத் தூரம் விலகிச் சென்றது. யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்தார்கள் என்று நாம் கூறவில்லை. ரயில்வேக்கு வேண்டியது எண், சரித்திரம் அன்று. ஆனால் பொருட்காட்சிசாலைக்கு வேண்டியது சரித்திரந்தானே?

1980-க்குப் பின் இவ்வகை என்ஜின்கள் அநேகமாக ஓய்வு பெற்றன. சில உருக்கப்பட்டன, சில அன்பர்களின் முயற்சியால் பொருட்காட்சிசாலையை அடைந்தன. அங்கே ஒரு கேள்வி பிறக்கிறது. அதற்கு எந்த வர்ணத்தைப் பூசுவது? படையிலிருந்த காலத்து மங்கலான சாயத்தையா, ரயில்வேயில் உழைத்த காலத்துச் செவ்வர்ணத்தையா?

இது சாயக்காரனுடைய கேள்வி என்று தள்ளிவிடலாகாது. செவ்வர்ணம் பூசினால், பார்க்கிறவர் இதைப் பழைய காலத்து அழகிய பொம்மை என்று எண்ணிப் போவார். ராணுவச் சாயத்தைப் பூசினாலோ, வேறொரு அபாயம் உண்டு: படையின் கம்பீரத்தை வியப்பதற்கென்றே வருகிற கூட்டம் ஒன்று எந்த நாட்டிலும் இருக்கிறது. ஜெர்மன் குற்றவியல் சட்டத்தில் 86அ என்ற பிரிவு நாஜிக் கட்சியின் சின்னங்களைப் பகிரங்கமாகக் காட்டுவதைத் தடை செய்கிறது. கல்விக்கும், ஆராய்ச்சிக்கும், சரித்திரத்தை உள்ளபடி கூறுவதற்கும் அத்தடையிலிருந்து விலக்கு உண்டு. சட்டம் செய்தவர்கள் இந்த இரண்டு அபாயத்தையும் அறிந்தே செய்திருக்கிறார்கள். சின்னத்தைக் கொண்டாடவும் கூடாது. நடந்ததை மறைக்கவும் கூடாது என்பதே அதன் கருத்து.

நமது அபிப்பிராயம் இது. வர்ணம் எதுவாயினும் இருக்கட்டும். படையில் எட்டாண்டுக்கு மேற்படாமலும், ரயில்வேயில் முப்பதாண்டுக்கு மேலும் உழைத்த என்ஜினுக்குச் செவ்வர்ணமே நியாயமென்றும் வாதிக்கலாம். ஆனால் வர்ணம் சாட்சி சொல்லாது. சாட்சி சொல்ல வேண்டியது அதன் முன்னே நடப்படும் பலகை. என்ஜின் ஓர் ஊமைச் சாட்சி. அதன் வாக்குமூலத்தை எழுதிக் கொடுக்கும் பொறுப்பு பொருட்காட்சிசாலையினுடையது. குதிரைச் சக்தியையும், நீளத்தையும், எடையையும் மட்டும் எழுதி நிறுத்திவிட்டால், அது பாதி வாக்குமூலம். பாதி வாக்குமூலம் சில சமயங்களில் பொய்யைவிடக் கெடுதலானது என்பது நீதிஸ்தலங்களின் அனுபவம்.

இதை மறுத்துச் சிலர் மூன்று ஆட்சேபங்கள் சொல்லக்கூடும். யந்திரத்துக்குப் பாவம் ஏது என்பது முதல் ஆட்சேபம். மெய்தான். இந்த என்ஜினைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாம் விரும்பவில்லை. ஜெர்மன் ரயில்கள் லட்சக்கணக்கான யூதர்களைக் கொலைக்களத்துக்குக் கொண்டு சென்றது உலகறிந்த உண்மை. ஆனால் படைக் கிடங்குகளின் ஷண்டிங்குக்கென்று ஏற்பட்ட இவ்வகை என்ஜினின் மேல் அந்தப் பழியைச் சுமத்துவதும் நியாயமன்று. சாட்சியைக் குற்றவாளியாக்கக் கூடாது. குற்றமற்றவன் என்பதற்காகச் சாட்சியின் வாயை அடைக்கவும் கூடாது.

பிள்ளைகள் வந்து மகிழும் இடத்தில் துயரமான கதை எதற்கு என்பது இரண்டாவது ஆட்சேபம். பிள்ளைகளுக்கு உண்மையைத் தாங்கும் சக்தி நாம் எண்ணுவதைவிட அதிகம். பெர்லினில் க்ரூனவால்டு ரயில் நிலையத்தின் 17-ம் பாதையில், யூதர்களை ஏற்றிச் சென்ற அதே இடத்தில், ஜெர்மன் ரயில்வே நிர்வாகத்தார் தாங்களே முன்வந்து 1998-ல் ஒரு ஞாபகச் சின்னம் அமைத்தார்கள். அங்கே சிலை கிடையாது, பிரசங்கம் கிடையாது. பாதையின் ஓரமாக 186 எஃகுத் தகடுகள். வண்டி புறப்பட்ட தேதி, ஏற்றப்பட்டவர்களின் தொகை, போய்ச் சேர்ந்த இடம். ஒவ்வொரு தகட்டிலும் இவ்வளவே. அத்தகடுகளின் மேல் நடந்து போகும் பள்ளிப் பிள்ளைக்கு வேறு பாடம் வேண்டுமா? தேதியும் எண்ணும் இடமும் நேர்மையாக எழுதப்பட்டால், அலங்கார வார்த்தைக்கு அவசியமே இல்லை.

எல்லாத் தேசத்துப் படைகளும் இப்படித்தான் செய்தன என்பது மூன்றாவது ஆட்சேபம். அதுவும் மெய்யே. அமெரிக்க ராணுவத்தின் 65 டன் விட்கோம் டீசல் என்ஜின்கள் ஐரோப்பாவுக்கு வந்து, யுத்தத்துக்குப் பின் இத்தாலியிலும் ஹாலந்திலும் ரயில்வே வேலையில் அமர்ந்தன. அவற்றின் பலகையிலும் அவற்றின் கதை எழுதப்படட்டும். ஒருவன் கடனைத் திருப்பித் தரவில்லை என்பது மற்றவனுக்கு விடுதலைப் பத்திரமாகாது.

ஞாபகத்தால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு இன்னொரு விஷயத்தைச் சொல்லுகிறோம். யுத்த காலத்தில் போலந்து, ரஷ்யா, உக்ரேன், பிரான்ஸ் முதலிய தேசங்களிலிருந்து லட்சக்கணக்கான ஆண்களையும் பெண்களையும் பிடித்து வந்து, ஜெர்மன் தொழிற்சாலைகளிலும் வயல்களிலும் பலவந்தமாக வேலை வாங்கினார்கள். வெகுகாலம் அவர்களுக்கு ஈடு ஒன்றும் கிடைக்கவில்லை. 2000-ம் ஆண்டில் ஜெர்மன் சர்க்காரும் தொழிலதிபர்களும் பாதிப் பாதியாகப் பணம் போட்டு, 1000 கோடி மார்க் மூலதனத்தில் ஒரு தர்ம ஸ்தாபனம் ஏற்படுத்தினார்கள். 2007-க்குள் அதன் மூலம் 16 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் தொகை பெற்றார்கள். அப்பொழுது அந்தக் கிழவர்களும் கிழவிகளும் சந்தித்த முதற் கேள்வி என்ன? ‘நீ அங்கே வேலை செய்தாய் என்பதற்கு ருஜு என்ன?’ என்பதே. ஐம்பத்தைந்து ஆண்டுக்கு முன் எழுதிய கூலிப் பட்டியல், தொழிற்சாலைச் சீட்டு, அரோல்சன் நகரத்துப் பத்திரக் காப்பகத்தில் தங்கிய ஓர் அட்டை இவைதாம் அவர்களுக்குத் துணை நின்றன. யாரோ ஒரு குமாஸ்தா ஓர் அட்டையைக் கிழிக்காமல் வைத்ததால் ஒரு கிழவிக்கு நியாயம் கிடைத்தது. கிழிந்துபோன அட்டைக்கு உரியவர் அலைய நேர்ந்தது. பெயரையும் தேதியையும் காப்பது வெறும் பண்டிதர்களின் பொழுதுபோக்கு அன்று என்பதை இதனினும் தெளிவாக எப்படிச் சொல்வது?

அயல் தேசத்துக் கதை இது, நமக்கென்ன என்று நேயர்களில் எவரேனும் நினைப்பாரானால், அவரைப் புது டில்லியிலுள்ள தேசீய ரயில் பொருட்காட்சிசாலைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். போகும் நகரத்துப் பொருட்காட்சிசாலை திறக்கப்பட்ட அதே 1977-ல்தான் அதுவும் திறக்கப்பட்டது. அங்கே பாட்டியாலா சமஸ்தானத்து ஒற்றைத் தண்டவாள ரயிலின் என்ஜின் ஒன்று நிற்கிறது. பாரமெல்லாம் ஒரே தண்டவாளத்தின் மேல். சாய்ந்துவிடாமல் தாங்குவதற்கு ரோட்டில் உருளும் ஒரு பெரிய பக்கச் சக்கரம். 1907-ல் தொடங்கி 1927 வரை ஓடிய அந்த விசித்திர ரயிலுக்கு நீராவி என்ஜின் செய்து அனுப்பியவர்கள் யார் தெரியுமா? பெர்லின் ஓரன்ஸ்டைன்-கொப்பல் கம்பெனியார். பின்னால் எந்தப் பெயரை ஹிட்லரின் ஆட்கள் துடைத்தெறிந்தார்களோ, அந்தப் பெயருக்குரியவர்களின் கைவேலை நம் தலைநகரில் நிற்கிறது. மாத்தேரன் மலை ரயிலின் முதல் என்ஜின்களும் அவர்கள் செய்தவையே. பாட்டியாலா என்ஜினைப் பார்த்துச் சிரித்து மகிழும் நம் பிள்ளைகளுக்கு, அதைச் செய்தவர்களின் பெயர் ஒரு காலத்தில் அவர்கள் சொந்த நாட்டிலேயே அழிக்கப்பட்டது என்ற செய்தியும் சொல்லப்பட வேண்டாமா?

இன்னொரு தொடர்பும் உண்டு. யுத்தத்துக்குப் பின் ‘வி 36’ மாதிரியில் என்ஜின் கட்டிய கீல் நகரத்து மாக் கம்பெனியே 1961-ல் நமது ரயில்வேக்கு ஷண்டிங் என்ஜின்கள் அனுப்பியது. பின்னர் 1960-களின் இறுதியில் சித்தரஞ்சன் தொழிற்சாலையில் நம்மவர்கள் எண்ணெய்ச் சுழலி முறையில் டீசல் ஷண்டிங் என்ஜின்களைக் கட்டத் தொடங்கியபோதும் அந்தக் கம்பெனியின் யந்திர மாதிரியையே கைக்கொண்டார்கள். போருக்கென்று வளர்ந்த ஒரு வித்தை கடல் கடந்து வந்து, நம் யார்டுகளில் அரிசியும் நிலக்கரியும் ஏற்றிய வாகன்களைத் தள்ளியது. வித்தைக்குத் தேசமில்லை. நல்லதற்கும் கெட்டதற்கும் அது ஒன்றுபோல் ஏவல் செய்யும். ஏவுகிறவன் யார் என்பதைத்தான் ஒவ்வொரு தலைமுறையும் விழித்திருந்து கவனிக்க வேண்டும்.

ஆகவே, இவ்வகை என்ஜினைக் காக்கும் பொருட்காட்சிசாலை எதுவாயினும், அதன் பலகையில் எழுதத்தக்கது என்று நாம் கருதும் வாசகம் இது:

‘இது ஜெர்மன் படையின் கிடங்குகளில் வெடிமருந்தும் எண்ணெயும் தள்ளுவதற்காக ஏற்பட்ட என்ஜின். எதிரியின் விமானத்துக்குப் புகை தெரியாதிருக்க வேண்டியே இது டீசலால் ஓடும்படி அமைக்கப்பட்டது. இவ்வகையைக் கட்டிய கம்பெனிகளில் ஒன்று, அதை ஏற்படுத்திய யூதக் குடும்பத்தாரிடமிருந்து பறிக்கப்பட்டது. யுத்தம் முடிந்தபின் இது முப்பதாண்டுக்கு மேல் ஜனங்களுக்கு உழைத்தது. இதன் முதற் பெயர் டபிள்யூ.ஆர். 360 ஸி 14.’

ஐந்தே வாக்கியங்கள். படிக்க அரை நிமிஷம் ஆகாது. இதில் வெறுப்பு ஒன்றும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை. உழைத்ததற்கு உரிய நன்றியும், பிறந்ததற்கு உரிய உண்மையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஜெர்மானியர்கள் தங்கள் சரித்திரத்தின் கறுத்த பக்கத்தைத் தாங்களே திறந்து படிக்கும் துணிவைப் பல துறைகளில் காட்டியிருக்கிறார்கள். அந்தத் துணிவு நமக்கும் வேண்டும். நமது பொருட்காட்சிசாலைகளிலும் பழைய பீரங்கிகளும், என்ஜின்களும், அரண்மனைச் சாமான்களும் எடையும் நீளமும் எழுதிய பலகைகளோடு நிற்கின்றன. அவற்றைக் கொண்டுவந்தவன் யார், இழந்தவன் யார், சுமந்தவன் யார் என்று ஒரு வரி சேர்ப்பதற்குப் பெரிய பொருட்செலவு வேண்டாம்.

துருப்பிடிக்காமல் காக்க எண்ணெய் போதும். மறதிபிடிக்காமல் காக்க உண்மை ஒன்றுதான் உண்டு. அதை எழுதிவைக்கும்படி பொருட்காட்சிசாலைகளை நடத்துவோரையும், எழுதியிருக்கிறதா என்று நின்று பார்த்துக் கேட்கும்படி நமது நேயர்களையும் கேட்டுக்கொள்ளுகிறோம்.